இரைமீனின் வழக்கு

மீன் விஷயத்தில் மார்க்கச் சட்டம் எவ்வளவு தாராளமானது என்பதை நம் கரையோரத்து மக்கள் அனைவரும் அறிவர். அதனை அறுக்க வேண்டியதில்லை. பிடித்தவன் எந்த மதத்தினன் என்று விசாரிக்க வேண்டியதில்லை. தானாகச் செத்து மிதந்ததாயினும், ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு அது ஆகுமானதே என்று, குர்ஆன் மதரசாவில் பாயில் உட்கார்ந்த நாள் முதலாகக் கேட்டு வந்திருக்கிறோம். இவ்வளவு விசாலமான அனுமதி உள்ள இடத்தில் வினா எழுப்புவது வீண் வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் அந்த அனுமதியை நாம் நினைக்கும்போதெல்லாம் உண்பதற்குப் பிடிக்கும் மீனையே நினைக்கிறோம். உண்பதற்கன்றி, வேறொரு மீனின் பசியைத் தூண்டி அதனைக் கொல்லுதற்பொருட்டே பிடிக்கப்படும் மீன் ஒன்று உண்டு. அதன் நிலை என்ன, அதன் உயிரின்மேல் நமக்குள்ள உரிமை எவ்வகைப்பட்டது என்பதை, எனக்குத் தெரிந்தமட்டில், நம் ஊர்ப் பேச்சில் எவரும் நிதானமாக எடுத்து ஆராய்ந்ததில்லை.

கல்முனைப் பக்கத்தில் அந்த மீனுக்குப் பெயர் கொய். அதற்கு வலை வீசும் மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். கச்சான் காற்றில் காய்ந்து வெடித்த நிலம் முதல் மழையைக் குடித்து நிறைய, பெரும்போகத்துக்கு விதைத்த வயல்களின் வடிச்சல் நீர் கரைவாகுப்பற்றின் வாய்க்கால்கள் வழியே இறங்கி மட்டக்களப்பு வாவியின் தென்கோடியை நாளுக்கு நாள் உயர்த்த, கிட்டங்கித் தாம்போதியின் இருமருங்கும் ஆற்றுவாழை வந்து அடைய, நிந்தவூருக்கும் ஒலுவிலுக்கும் இடையே களியோடை கலங்கல் நீரோடு கடலைத் தேடி ஓடுகின்ற பருவம் அது. கடலோ அப்போது மனிதரை வரவேற்கும் நிலையில் இராது. கரைவலைகள் வாடிகளுக்குள் அடைந்து கிடக்கும். வாடைக்காற்று எழுந்துவிட்டால் இயந்திரப் படகுக்காரரும் வானத்தைப் பார்த்தபடி நாட்களைக் கழிப்பர். அந்த நாட்களில்தான் வீச்சுவலைக்கு வேலை வருகிறது. உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் முகத்துவாரங்களில் கொய் திரளாகக் கூடுகிறது.

வீச்சுவலை எறிவதை அருகில் நின்று பார்த்தவர்கள் அதனை ஒரு தொழிலாக மட்டும் கருத மாட்டார்கள். இடுப்பளவு நீரில் நிற்பவன், வலையின் கயிற்றை மணிக்கட்டில் சுருக்கிட்டு, வலையில் ஒரு பங்கைத் தோளில் ஏற்றி, ஒரு பங்கைக் கையில் அடுக்கி, ஈயம் கோத்த விளிம்பில் ஓரிடத்தைப் பற்களிடையே கவ்விக்கொண்டு, நீரின்மேல் தோன்றும் சிறு சலனத்தை நோக்கி அசையாமல் நிற்பான். காற்றின் சலனம் வேறு, மீனின் சலனம் வேறு. இரண்டையும் பிரித்தறியும் கண் பல்லாண்டுப் பழக்கத்தால் மட்டுமே வருவது. பிறகு இடுப்பு ஒருமுறை திரும்பும், பல் விடும், வலை காற்றில் வட்டமாக விரிந்து, விளிம்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே கணத்தில் நீரைத் தொடும். ஈயம் தரையைத் தொட்டுவிட்டது என்பதைக் கயிற்றின் தளர்ச்சியால் அறிந்து, அவன் அவசரமின்றி இழுக்கத் தொடங்குகையில், உள்ளே அகப்பட்டவை முட்டி மோதுவதை அவன் விரல்கள் முதலில் அறியும். கண் பின்னரே அறியும்.

கொய் வெளியே வருகிறது. அகன்று தட்டையான வெள்ளி உடல்; செவுளுக்குப் பின்னே ஒரு கரும்புள்ளி; முதுகுச் செட்டையின் கடைசி முள் நூலாக நீண்டு பின்னோக்கிக் கிடக்கும்; வயிற்று ஓரம் கூர்செதில்களால் அமைந்திருப்பதனால் அசட்டையாகப் பிடிப்பவனின் உள்ளங்கையைச் சிராய்க்கும். கையில் பட்ட இடமெல்லாம் செதில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு இலேசாக உதிர்வது அது. செதில் உதிர்ந்த கொய் நெடுநேரம் உயிரோடு இராது. வாளியில் நீர் மாற்றி மாற்றி ஊற்றினாலும் சிறிது நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். முள் மிகுந்த மீன் என்பதால் பணக்கார வீட்டு அடுப்பில் அதற்கு மதிப்பில்லை. ஆனால் குறுக்கே நெருக்கமாகக் கீறிப் பொரிக்கத் தெரிந்த நம் உம்மாமாருக்கு அது நல்ல கறி.

இந்த மீனைப் பற்றி இயற்கை நூலார் சொல்லும் செய்தி ஒன்று என் சிந்தையை நெடுங்காலமாக ஆட்கொண்டிருக்கிறது. கொய் வேறு மீனைத் துரத்தி உண்பதில்லை. நீரில் மிதக்கும் நுண்பாசியையும் அடிச்சேற்றில் படிந்த மட்கிய பொருள்களையும் செவுளால் வடித்து உண்டு வாழ்கிறது. அவற்றை அரைப்பதற்குக் கோழியின் கற்குடலை ஒத்த தடித்த இரைப்பையும் அதற்கு உண்டு. ஆகையினால் தூண்டிலில் எதைக் கோத்துப் போட்டாலும் அது திரும்பிப் பாராது; வலையொன்றே அதற்கு வழி. எந்த இரைக்கும் மயங்காத மீன் மற்றவற்றை மயக்கும் இரையாகிறது என்பது சிருஷ்டியின் விசித்திரங்களுள் ஒன்று; அதனை முரண்நகை என்று வியந்து நகர்ந்துவிடுவது எளிது, ஆனால் அங்கேதான் நம் வினா தொடங்குகிறது.

இரைக்குப் பெரிய கொய்யையே விரும்புவதற்குக் காரணம் உண்டு. சிறிய இரையைக் கெளுத்தியும் நண்டும் அரித்துத் தீர்த்துவிடும். கலங்கல் நீரில் பதுங்கியிருக்கும் கொடுவாவும் செப்பலியும், வெளியே பார்களில் வாழும் கலவாவும் பாரையும், எண்ணெய்ப் பசையும் மணமும் மிகுந்த பெருத்த இரையைக் கண்டால்தான் துணிந்து வரும். ஆகவே வலையில் விழுந்தவற்றுள் சிறியவை கறிக்கும் பெரியவை தூண்டிலுக்கும் என்று, உண்பவரின் எண்ணத்துக்கு நேர்மாறான ஒரு பங்கீடு நிகழ்கிறது. முகத்துவாரக் கரையில் இது பற்றி இருவர் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். “காக்கா, இவ்வளவு பெரிய கொய்ய இரைக்கா போடப்போறீங்க? ஊட்ட குடுத்தா உம்மா புளியாணம் காச்சுவா” என்று பறியைச் சுமந்து நின்ற இளைஞன் கேட்க, “ஆணத்துக்குப் போட்டா இன்டைக்கிப் பகலோட முடிஞ்சி, தம்பி. கொளுவிப் போட்டா ஒரு கிழமச் செலவு வரும், அல்லாஹ் நாடினா” என்று மூத்தவர், மீனிலிருந்து கண்ணெடுக்காமல், மறுமொழி சொன்னார்.

அந்த மறுமொழியில் பொருளாதாரமும் இறையியலும் பிரிக்க முடியாதவாறு பிணைந்து கிடக்கின்றன. கையில் உள்ள நிச்சயமான கறியைக் கொடுத்து, கிடைத்தாலும் கிடைக்கலாம் என்னும் நிலையிலுள்ள பெருமீனைத் தேடுகிறார் அவர். அந்த இடைவெளியை அவர் நிரப்புவது இறைவனின் நாட்டத்தால். காரணங்களைக் கையாள்வது, இறைவன்மேல் பொறுப்புச் சாட்டுதலாகிய தவக்குலுக்கு விரோதமன்று என்று இமாம் கஸ்ஸாலி விரித்துரைத்ததை அவர் படித்திருக்க மாட்டார், ஆயினும் அதன்படியே நடக்கிறார். சூதாடி பெறும் வெற்றியைத் தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். இழப்புக்கு அஞ்சாமல் கையிலுள்ளதை எறியும் இந்த மீனவரையும் அவ்வாறு சொல்லலாமோ என்று ஒரு கணம் தோன்றும். சொல்லலாகாது, உழைப்பு அவருடையது, பசி அவருடையது. ஒன்று மட்டும் இடறுகிறது: இந்த ஆட்டத்தில் பந்தயமாக வைக்கப்பட்டது அவருடைய பொருள் அன்று, இன்னொன்றின் உயிர்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் ஆகுமானவை என்று ‘அல்மாயிதா’ அத்தியாயம் அறிவிக்கிறது. கடலின் நீர் தூய்மையானது, அதில் செத்தது ஆகுமானது என்பது நபிகள் நாயகத்தின் வாக்கு. இவ்விரண்டின்மேல் எழுந்த சட்டத்தை நம் இமாம்கள் எவ்வளவு நுணுகி ஆராய்ந்தார்கள் என்பதற்கு, ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ ஓர் உதாரணம். உயிரோடிருக்கும் மீனில் ஒரு துண்டை வெட்டியெடுத்தல் ஆகாது என்று அவர் எழுதுகிறார். ஆனால் எவனாவது அப்படிச் செய்துவிட்டாலோ, உயிருள்ள மீனை விழுங்கிவிட்டாலோ, வலுவான கருத்தின்படி அது ஹலால்தான் என்றும் உடனே சேர்த்துவிடுகிறார். இந்த இரட்டைத் தீர்ப்பைச் சாதாரணமாக வாசித்துக் கடந்துவிடக் கூடாது. உண்ணப்பட்ட பொருள் ஆகுமானது; உண்ட விதம் தகாதது. பொருளின் சட்டமும் செயலின் சட்டமும் இரண்டு வேறு வழிகளில் செல்லக்கூடும் என்பதை ஒரே வரிக்குள் அந்த மேதை அடக்கிவிட்டார். கொய்யின் வழக்கு முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

சட்டம் படியாதவர்களும் இந்த இடைவெளியை ஒருவகையில் உணர்ந்திருந்தார்கள் என்று எண்ண இடமுண்டு. நம் முதியோர் சொல்லும் கதை ஒன்றில், இப்ராஹீம் நபி தம் மகனுக்கு ஈடாக ஆட்டை அறுத்து முடித்தபின் கத்தியை வீசியெறிய, அது கடலில் விழுந்து மீனின் கழுத்தைக் கீறியது. அந்தக் கீறலே செவுள். ஆகையால் மீன் குலம் முழுவதும் அன்றே அறுபட்டுவிட்டது, இன்று நாம் அறுக்க வேண்டியதில்லை. வேதத்திலும் ஹதீஸிலும் இதற்கு ஆதாரம் இல்லை. மௌலவிமார் இதனைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், அது நியாயமுங்கூட. ஆனாலும் அனுமதி என்ற ஒன்று வெறுமனே கிடைத்துவிட்டதாக ஒப்புக்கொள்ள நம் பாட்டிமாரின் மனம் இசையவில்லை என்பதை இக்கதை காட்டுகிறது. எங்கோ ஒருமுறை, எவரோ ஒரு நபியின் கரத்தால், இறைவன் பெயர் சொல்லி, அந்த உயிருக்கு உரிய மரியாதை செலுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். சட்டம் விலக்கு அளித்த இடத்திலும் சடங்கைத் தேடிய அந்த உள்ளத்தை நான் இகழ மாட்டேன்.

உண்பதற்கும் இரைக்குமுள்ள வேறுபாட்டைக் கூர்மையாக்குவது சிட்டுக்குருவியைப் பற்றிய நபிமொழி. நஸாயீயின் தொகுப்பிலுள்ள அறிவிப்பின்படி, உரிய உரிமையின்றி ஒரு குருவியைக் கொன்றவன் அதுபற்றி இறைவனால் விசாரிக்கப்படுவான். அந்த உரிமை யாதெனக் கேட்டபோது, அறுத்து உண்பதே அதன் உரிமை, தலையைத் துண்டித்து எறிந்துவிடுவது அன்று என்று விடை வந்தது. வீணே கொல்லப்பட்ட குருவி மறுமையில் முறையிடும் என்று வேறோர் அறிவிப்பும் உண்டு. அறிவிப்பாளர் வரிசையின் வலிமையைப் பற்றி அறிஞரிடையே பேச்சு உண்டு. கருத்தின் வலிமையில் பேச்சில்லை. அறுத்து உண்பதே உரிமை என்றால், உண்ணாமல் கொளுவியில் கோக்கப்படும் கொய் என்னவாகிறது? சட்ட அறிஞர்கள் இங்கே இடர்ப்பட மாட்டார்கள்: பயன் என்பது வாய்க்குள் போவது மட்டுமன்று, மனிதனின் நியாயமான தேவை எதற்கு உதவினாலும் அது பயனே என்பார்கள். தூண்டிலில் ஏறிய கொய், கொடுவாவின் வழியாகச் சுற்றி வந்து அதே மீனவரின் பானைக்குள் அரிசியாக விழுகிறது. இத்தருக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் ஏற்கும்போதே ஒன்றைக் கவனிக்கிறேன்: பயன் தொலைவாகப் போகப்போக, இடையில் ‘வீண்’ நுழைவதற்கான வாசல்கள் பெருகுகின்றன.

இந்த இடத்தில், இரண்டு நீர்கள் கலக்குமிடத்தில் நடந்த பழைய வரலாறு ஒன்றை நினையாமல் இருக்க முடியாது. ‘அல்கஹ்ஃபு’ அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைதோறும் ஓதும் நம் மக்களுக்கு அது மனப்பாடம். மூஸா நபி தம் உதவியாளருடன் இரு கடல்கள் சந்திக்கும் இடத்தைத் தேடிப் புறப்படுகிறார். வழியுணவாகக் கூடையில் ஒரு மீன். அந்த இடத்தை அடைந்ததும், செத்த மீன் எழுந்து கடலுக்குள் தன் வழியைப் பிடித்துப் போய்விடுகிறது. உதவியாளர் அதனைச் சொல்ல மறந்துவிடுகிறார். பசியெடுத்துக் காலையுணவு கேட்டபோதுதான் செய்தி வெளிப்பட்டு, மீன் மறைந்த இடமே தாம் தேடிய இடம் என்று மூஸா நபி வந்த சுவடு பற்றித் திரும்புகிறார். உணவென்று கொண்டுவந்த மீன் உணவாகவில்லை; அடையாளமாயிற்று. அதனைத் தொலைத்ததால் ஞானாசிரியர் ஒருவர் கிடைத்தார். ஆகவே மீன் என்பது உண்பதற்கேயன்றி வேறெதற்கும் ஆகாது என்று எவரும் வாதிட முடியாது. சிறியதை விட்டுப் பெரியதைப் பெறுவது என்னும் தூண்டிற்காரனின் நியதிக்கு வேதத்திலேயே முன்மாதிரி உண்டென்று ஒருவர் மகிழக்கூடும்.

ஆனால் அதே அத்தியாயத்தைச் சற்று மேலும் ஓதினால் மகிழ்ச்சி குறைகிறது. அந்த ஞானாசிரியரான கிழ்ர் அலைஹிஸ்ஸலாம் முதலில் செய்த காரியம், கடலில் பாடுபட்டுப் பிழைக்கும் ஏழைகளின் மரக்கலத்தைச் சேதப்படுத்தியது. நல்ல கலங்களையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் பின்னால் இருந்ததனால், சேதமுற்ற கலம் ஏழைகளிடமே தங்கிற்று. இங்கும் சிறிய நட்டத்தால் பெரிய நன்மை. எனினும் அந்த நட்டத்தை யார் அடைந்தார்களோ அவர்களே அந்த நன்மையையும் அடைந்தார்கள். கொய்யின் நிலை அதுவன்று. அதன் இழப்பினால் அதற்கோ அதன் குலத்துக்கோ ஒரு சிறு இலாபமும் இல்லை, இலாபம் வேறொருவருடையது. ஆகையால், ‘எல்லாம் நன்மைக்கே, நாம் அறியாத ஹிக்மத்து இருக்கிறது’ என்று சொல்லி இரைமீனின் சாவை அழகுபடுத்துவது, கிழ்ருக்கு மட்டும் அளிக்கப்பட்ட அறிவை நாம் களவாடுவதற்குச் சமம். நமக்கு அந்த அறிவு இல்லை. நமக்கு இருப்பது அனுமதி ஒன்றே. அனுமதி என்பது உரிமையாளன் வேறொருவன் என்பதை ஒப்புக்கொள்வது. என் காணிக்குள் நான் நடக்க எனக்கு எவரும் அனுமதி தருவதில்லை.

உரிமையாளன் வேறொருவன் என்றால், அவன் சொல்லிய முறையும் அனுமதியின் ஒரு பகுதியாகிறது. எல்லாக் காரியத்திலும் அழகிய முறையைக் கையாளும்படி இறைவன் விதித்திருக்கிறான், கொல்வதாயினும் நல்ல முறையில் கொல்லுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு வேதனையைக் குறையுங்கள் என்னும் கருத்தமைந்த நபிமொழியை ஷத்தாத் இப்னு அவ்ஸ் அறிவிக்க, இமாம் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறார். அதே நூலில், உயிருள்ள பறவை ஒன்றைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய இளைஞர்களை இப்னு உமர் கண்டு கடிந்த செய்தியும் உண்டு. தூண்டிலில் உயிரோடு கோக்கப்பட்ட இரையைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பறவையின் நினைவு வருகிறது. கொடுவாவுக்கு உயிர் இரைதான் உத்தமம் என்பார்கள் தொழிலறிந்தோர். முதுகுச் செட்டைக்கு முன்னால் கொளுவியை ஏற்றினால் மீன் நீந்திக்கொண்டே இருக்கும், நீந்துவதுதான் அழைப்பு. விளையாட்டுக்குக் கட்டுவதும் பிழைப்புக்குக் கோப்பதும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செத்த கொய்யைத் துண்டாக்கிப் போட்டாலும் கலவாவும் செப்பலியும் எடுக்கும் என்று அதே தொழிலறிந்தோர் சொல்லும்போது, உயிரோடு கோப்பது தேவையா, பேராசையா என்னும் வினா எழாமல் போவதில்லை. முகத்துவாரக் கரையில் மறுமொழி சொன்ன அந்த மூத்தவர், பறியிலிருந்து எடுத்த மீனின் தலையைத் தோணியின் விளிம்பில் ஒரே தட்டாகத் தட்டி ஓய்வித்த பிறகே கத்தியை வைத்தார். அதற்கு ஆதாரம் கேட்டிருந்தால் அவர் எந்தக் கிதாபின் பெயரையும் சொல்லியிருக்க மாட்டார். ‘பாவம்’ என்று மட்டும் சொல்லியிருப்பார்.

அனுமதிக்கு அப்பாலும் மனிதனுக்குள் ஒன்று பேசும் என்பதை நம் கரை ஒருமுறை பெருந்துயரத்தின் வாயிலாக அறிந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்து மருதமுனையையும் கல்முனைக்குடியையும் சாய்ந்தமருதையும் அழித்துப் போனது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. அதன் பின்னர் நெடுநாள் நாட்டில் பலர் மீனைத் தொடவில்லை. கடலில் போன நம் பிள்ளைகளை அந்த மீன்கள் தின்றிருக்குமே என்னும் நினைவு தொண்டையை அடைத்தது. மீன் ஹராமாகிவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. சட்டம் அன்றும் இன்றும் ஒன்றுதான். இருந்தும் கை தட்டுக்குப் போகவில்லை. உண்பவன் யார், உண்ணப்படுவது எது என்ற வரிசையில் நாமும் ஓரிடத்தில் நிற்கிறோம் என்பதை அந்நாட்களில் எவரும் எங்களுக்குப் போதிக்க வேண்டியிருக்கவில்லை. மாதங்கள் சென்றன, பசி வென்றது, கரைவலை மறுபடி இழுபட்டது. அது தவறன்று, உயிர் வாழ்தலின் நியதி அது. ஆயினும் சட்டம் தடுக்காத ஒன்றிலிருந்து மனம் தானாகப் பின்வாங்கிய அந்தக் காலத்தை, வெறும் அருவருப்பு என்று ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை.

கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’வில் ஹலால் ஹராம் பற்றிய பகுதியில் பேணுதலை நான்கு படிகளாக வகுக்கிறார். ஃபத்வா தடுத்ததை விடுவது முதற்படி; சந்தேகத்துக்கு இடமானதை விடுவது இரண்டாவது; குற்றமற்றதாயினும் குற்றத்துக்கு இட்டுச் செல்லுமோ என்று அஞ்சி விடுவது மூன்றாவது; இறைவனுக்காக அல்லாத எதனையும் விடுவது நான்காவது. ஹிஜ்ரி 505இல் மறைந்த அப்பெரியார் வலை வீசுவோரை மனத்தில் கொண்டு இதனை எழுதவில்லை. ஆனால் இரை பிடிக்கும் கரையில் இந்தப் படிகள் கண்கூடாகத் தெரிகின்றன. தூண்டில் பத்திருக்க வலை நூறு கொய்யை வாரியெடுக்கிறது. தேவை தீர்ந்தபின்னும் திரள் கண்ணெதிரே நிற்கிறது. இன்னும் ஒருமுறை எறிந்தால் என்ன என்று கை துடிக்கிறது. மிஞ்சியவை வெயிலில் வாடி மாலையில் கரையில் கொட்டப்படுவதை நான் கண்டிருக்கிறேன். செத்த மீனும் ஆகுமானது என்னும் சட்டத்தின் பெருந்தன்மையே இங்கு நமக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது: செத்ததால் அது உணவாகாமல் போய்விடவில்லை, அக்கம்பக்கத்து வீடொன்றின் ஆணச்சட்டிக்குப் போயிருக்கலாம். அறுக்காமல் செத்த கோழியைப் புதைப்பவனுக்கு ஒரு சமாதானம் உண்டு. கொய்யைக் கொட்டியவனுக்கு அதுவும் இல்லை.

சனிக்கிழமை மீனவரின் கதையும் இதனையே வேறு வழியால் சொல்கிறது. யூதருக்கு மீன்பிடி விலக்கப்பட்டிருந்த ஓய்வு நாளில் மீன்கள் நீர்மேல் வெளிப்படையாக வந்து நின்றன, மற்ற நாட்களில் வரவில்லை. அது ஒரு சோதனை என்று ‘அல்அஃராஃப்’ கூறுகிறது. அவர்கள் வலையை முன்னாளே விரித்து மறுநாள் அள்ளினார்கள் என்பது விரிவுரையாளர் தரும் விளக்கம். சட்டத்தின் எழுத்தில் அவர்கள் சனிக்கிழமை ஒன்றும் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் தோணி இறக்காத வழக்கமுள்ள நம் கரையில் இக்கதையைக் குத்பாவில் சொல்லும்போதெல்லாம் யூதரின் தந்திரத்தைச் சொல்லி முடித்துவிடுகிறோம். மீன் மிகுதியாக வந்து நின்றதே சோதனையாயிற்று என்னும் பகுதியை யாரும் நிறுத்திச் சொல்வதில்லை. ஐப்பசி முகத்துவாரத்தில் திரண்டு நிற்கும் கொய்க்கு அது பொருந்தாதா?

நாகூர் ஆண்டகையின் பெயரால் கல்முனைக் கடற்கரைப்பள்ளியில் கொடியேறும் நாட்களில், நாகூருக்கு அருகேயுள்ள நாகப்பட்டினத்து மீனவர் ஒருவரைப் பற்றி நம் இந்து அயலவர் வழங்கும் சரிதம் என் நினைவுக்கு வருவதுண்டு. அதிபத்தர் என்னும் அந்த நாயனார் வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுவார். ஒரே ஒரு மீன் அகப்பட்ட வறுமை நாட்களிலும் விட்டார். பொன்மீன் அகப்பட்ட நாளிலும் விட்டார். நம் அகீதாவும் அவர்களின் கொள்கையும் வேறு. மீனவனின் பக்தி விடுவதில் வெளிப்படக் கூடும் என்பதை அவர்கள் கண்டுகொண்டதைப் பாராட்ட அது தடையன்று. எல்லாவற்றையும் எடுக்கத் திறன் பெற்றவன் ஒன்றை எடுக்காமல் விடுகிறான். வலைக்கலையில் இதைவிடக் கடினமான வித்தை இல்லை.

இக்கருத்துகளையெல்லாம் மார்க்கக் கல்வி மிகுந்த நண்பர் ஒருவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், பேணுதல் என்பது ஒருவன் தன்மேல் விதித்துக்கொள்வது, மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குச் சோறு தேடும் ஏழையின்மேல் வயிறு நிறைந்தவன் விதிப்பது அன்று என்றார். உண்மை, இதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டபின் அக்கரையைக் கடல் அரித்துத் தின்ன, தோணி வைக்க இடமின்றித் தவித்த மனிதரிடம் போய்க் கொய்யின் வேதனையைப் போதிப்பது எனக்கும் கூசும். ஆனால் தின்பவர் வாங்காவிட்டால் விற்பதற்காகக் கொல்பவரும் இரார் என்று புலால் மறுப்புக்கு வள்ளுவர் கண்ட நியாயம், புலாலை மறுக்காத நமக்கும் ஒரு வேலை வைக்கிறது; வழக்கை வலைக்காரனிடமிருந்து எடுத்து வாங்குகிறவனிடம் மாற்றிவிடுகிறது. பெரிய கொய் எதற்காகக் கறியாகாமல் இரையாயிற்று? பெரிய கொடுவாவுக்கு விலை கொடுக்க நாம் காத்திருந்ததனால். அந்தக் கொடுவா ஐஸ் பெட்டியில் ஏறிக் கொழும்புக்குப் போகிறது. மிஞ்சியது நம் ஊர்க் கலியாண வீட்டில், பலர் சுற்றியமர்ந்து உண்ணும் பெருந்தட்டாகிய சஹனின் நடுவே ஏறுகிறது. சஹனைச் சுற்றி அமர்ந்தவர்கள் கன்னத்துச் சதையை மட்டும் கிள்ளிவிட்டு எழுந்து கைகழுவப் போகிறார்கள்.

“அப்படியானால் கொடுவா வாங்க வேண்டாம் என்கிறீரா?” என்று நண்பர் கேட்டார். வாங்குவேன், உண்பேன், முள் தெரியும்வரை உண்பேன், ஆனால் சஹனில் பாதியை மிச்சம் வைத்து எழும் விருந்துக்கு மட்டும் என்னை அழைக்க வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார், ஆனால் உடனே ஒன்றும் பேசவில்லை. அவர் மகளின் கலியாணம் அடுத்த மாதம் நடக்கவிருந்தது. பதினைந்து சஹனுக்கு மேல் போகாமல் பார்க்கிறேன் என்று, வாசல்வரை வந்து வழியனுப்பும்போது சொன்னார்.